முழங்கைக்கு நாலு விரல் கீழே

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் வீட்டில் அலமாரி அடிக்க வந்த தச்சரிடம் திருடியது. "சமையல் மேடை உயரத்தைப் புத்தகம் பார்த்து வைக்கக் கூடாதுங்க. சமைக்கிறவங்க முழங்கைக்கு நாலு விரல் கீழே வைக்கணும்" என்றவர், ஒரு டீச்சர் வீட்டில் நடந்ததைச் சொன்னார். உடனே எழுத உட்கார்ந்தேன்:

"ஆதியில் அடுப்பு தரையில் இருந்தது. பெண் அதன் முன் குந்தி உட்கார்ந்து—"

கட்டுரை வாடை. விட்டுவிட்டேன்.

2

டீச்சரிடமிருந்தே தொடங்குகிறேன். நெடுநெடுவென்று உயரம். அவருடைய மாமியார் பாதி ஆயுள் தரையடுப்பின் முன் குந்திச் சமைத்தவர். கேஸ் வந்தபோது மாமனார் கல்மேடை போட்டார், குள்ளமான மனைவிக்கு அளவெடுத்து. அன்பாகத்தான். அந்த அன்பின் மேல் இருபத்தெட்டு வருடம் குனிந்து நின்று காய் நறுக்கினார் டீச்சர். இடுப்பு போயிற்று.*

(*மாமியாரைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. காய் நறுக்கும் பலகைக்கு அடியில் இன்னொரு பலகை வைத்துக் கொடுத்தவரே அவர்தானாம்.)

3

கணவர் ஓய்வு பெற்றதும் சமையலறையை மாற்றும் வேலையில் இறங்கினார். இழுப்பறைகள், மேலே அலமாரி, நடுச்சுவரே இல்லாத கூடம் எனப் போனில் படம் படமாகக் காட்டினார்.

"சுவரை எடுத்துட்டா, நீ சமைக்கும்போது சோபால உட்கார்ந்தே உன்கூடப் பேசலாம்."

டீச்சர் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்.

சனிக்கிழமை தச்சர் டேப்போடு வந்தார். "யாரு சமைக்கிறது? வந்து நின்னு கையை மடக்குங்க."

கணவர் ஒதுங்கி வழிவிட்டார். டீச்சர் நகரவில்லை.

"அவர் கையை அளங்க."

"என்னையா? எனக்கு வெந்நீர் வைக்கவே—"

"தெரியும். எனக்கு இன்னும் ஏழு வருஷம் சர்வீஸ் இருக்கு. பகல் பூரா வீட்ல இருக்கிறது நீங்கதானே."

குரல் ஏறவில்லை; வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும் குரல்.

4

இங்கே பேனா நின்றது. ஒரு வரைவில் கணவர் கோபித்துக்கொண்டு வெளியே போனார். இன்னொன்றில் சிரித்தபடி கையை நீட்டினார்; விளம்பரம் மாதிரி இருந்தது. தச்சரிடமே கேட்டேன்.

"சட்டைக் கையை மடிச்சுவிட்டு வந்து நின்னாருங்க. அவர் அம்மா உயரம்தான். பழைய கல்லு அவருக்குக் கச்சிதமா இருந்துச்சு."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"கல்லையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு. பாதி மேடையை அப்படியே விட்டுட்டு, மீதியை அவங்களுக்கு உயர்த்திக் கொடுத்தேன்."

"அடுப்பு எந்தப் பாதியில?"

"அவங்க இன்னும் சொல்லலைங்க. ரெண்டு பக்கமும் கேஸ் குழாய்க்குத் துளை விட்டுட்டு வந்துட்டேன்."

[இங்கே ஒரு முடிவு இருந்தது. எடுத்துவிட்டேன்.]

அடுப்பை நீங்களே வையுங்கள். அதற்கு முன் ஒருமுறை எழுந்துபோய், உங்கள் வீட்டு மேடை யாருடைய கைக்கு அளவெடுத்தது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.