ஒன்பது டூல்பார்கள்

பக்கத்து வீட்டு மஹ்மூதா மாமியின் கணினித் திரையில், இணைய உலாவியின் மேல், ஒன்பது டூல்பார் பட்டைகள் அடுக்கடுக்காக இறங்கியிருந்தன. கீழே நான்கு விரல் இடம்தான் மிச்சம். லுஹர் தொழுகை முடிந்ததும் சவூதியின் தம்மாமிலிருந்து மகன் ஆமிர் வீடியோவில் வருவார். பிறந்து ஐந்து நாளான பேத்தியை மாமி முதல்முறை பார்க்க வேண்டும்.

"இத்தனையையும் யாரு மாமி ஏத்துனா?"

"நான்தான். உள்ள வரட்டுமான்னு கேட்டுச்சு. கேட்டு வந்ததை வேண்டாம்னு எப்படிம்மா அனுப்ப?"

ஒவ்வொன்றாக நீக்கினேன். மாமி தட்டச்சு செய்வதையெல்லாம் எங்கோ அனுப்பிக்கொண்டிருந்த உளவு நிரல் ஒன்றும் அகப்பட்டது.

"இது ஒட்டுக்கேக்குத ஆளு மாமி."

"அடப்பாவி, அதுக்கும் சரின்னுல்லா சொன்னேன்!"

கணினியை அணைத்து மறுபடி போட்டபோது அழைப்பு வந்தது. திரை முழுக்க, விளிம்புவரை, ஒரு குழந்தை. மாமி விரலைத் திரைக்கு அருகில் கொண்டுபோய், தொடாமல், கால்விரல்களை எண்ணினார். பத்தும் இருந்தன.

"ஆமிரு, ஒரு வருசமா உன் நெத்தியத்தாம்லே பார்த்தேன்," என்றார் மெல்ல. "இவளை முழுசா பார்க்கேன்."

குழந்தை கொட்டாவி விட்டது. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.