மூன்று கிலோ மிச்சம்

எங்கள் ஊரில் மலையைச் சுற்றுகிறவர்கள் ஒரே திசையில்தான் சுற்றுவார்கள். மலை வலப்பக்கம் இருக்க வேண்டும். லட்சம் பேர் நடந்தாலும் ஒருவர்கூட எதிரே வரமாட்டார். இப்படிப்பட்ட ஊரில் பிறந்த என்னிடம் போய், எதிர்ப்பொருளைக் கண்டுபிடிக்கும் கருவியை வடிவமைக்கச் சொன்னதுதான் பெங்களூர் விண்வெளி மையத்துக்காரர்கள் செய்த தப்பு.

கருவி ஒன்றும் பெரிய மர்மமில்லை. செயற்கைக்கோளில் ஒரு காந்தம். விண்வெளியிலிருந்து வரும் துகள் அதற்குள் நுழைந்தால் வளையும். சாதாரண ஹீலியம் இடப்பக்கம் வளையும், மின்னூட்டம் நேரெதிரான எதிர்ஹீலியம் வலப்பக்கம். காந்தத்துக்கு மேலே ஒரு கடிகாரத் தட்டு, கீழே ஒன்று. துகள் எதை முதலில் தொட்டது என்று அவை சொல்லும். எல்லாம் மேலேயிருந்துதானே வரும், கீழ்த்தட்டு எதற்கு என்று நான்தான் அதைக் கழற்றினேன். மூன்று கிலோ மிச்சம். இயக்குநர் பாலாஜி சார் மேடைக்குக் கூப்பிட்டு எனக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசளித்தார்.

1998 கடைசியில் மாதிரிக் கருவியைப் பலூனில் ஏற்றிப் பறக்கவிட்டோம். பத்து லட்சம் ஹீலியம் இடப்பக்கம் வளைந்தன. ஒன்றே ஒன்று வலப்பக்கம். எதிர்ஹீலியம் ஒன்று கிடைத்தால், அதைச் சமைத்த எதிர்நட்சத்திரம் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். பாலாஜி சார் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு இருநூறு லட்டும் ஒரு பேனரும் சொல்லிவிட்டார். பேனரில் என் பெயர். அந்த ஒன்று நிஜமாக இருக்க வேண்டும் என்று எனக்குப் பேராசை.

புது வருஷத்தின் முதல் சனிக்கிழமை பௌர்ணமி. காலையிலேயே நல்ல கூட்டம். அடி அண்ணாமலையில் அம்மாவின் ஜூஸ் கடையில் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தேன். அப்போது ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிர்த்திசையில் வந்தார். கடைக்குக் கொஞ்சம் தள்ளி நின்ற கான்ஸ்டபிள் முருகையன் மறித்தார்.

“யோவ், எங்க எதிர்ல வர்ற?”

“சம்சாரத்தை வுட்டுட்டு வந்துட்டேன் சார். அதோ, ஜூஸ் கடையில குந்திக்கினு இருக்கா.”

வள்ளி என்ற அந்தச் சம்சாரம் எங்கள் பெஞ்சில் இரண்டாவது கிளாஸைக் குடித்துக்கொண்டிருந்தார். அசையவில்லை. “மறந்தது மணிவேலு. நான் எதுக்கு ஓடணும்?” என்றார்.

“ஒருத்தன்கூட எதிர்ல வரக்கூடாதுன்னு ஆர்டர். ஒரு சுத்து சுத்திக்கினு வா.”

“அம்பது அடிக்குப் பதினாலு கிலோமீட்டரா சார்?”

முருகையன் இளகிய மனசுக்காரர். யோசித்தார். “சரி, மூஞ்சியை அந்தப் பக்கமே வெச்சிக்க. அப்படியே பின்னால நட. மலை வலப்பக்கம்தான இருக்கும்? ஆர்டர்ல அவ்ளோதான் இருக்குது.”

மணிவேல் பின்பக்கமாக நடந்தார். நாலு பேர் காலை மிதித்து, எங்கள் பெஞ்சில் வந்து இடித்து உட்கார்ந்தார். முருகையன் தன் நோட்டில் எழுதினார்: ‘எதிரே வந்தவர் எவருமில்லை.’

எனக்கு என்னவோ உறுத்தியது. அவரிடம் போய்க் கேட்டேன். “போறாரா வர்றாரான்னு பாக்குறவங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

“ஒரு எடத்துலேர்ந்து ஒரு பார்வை பாத்தா தெரியாதும்மா. ரெண்டு எடத்துல ஆளு நின்னு, எங்க மொதல்ல தாண்டுனான்னு மணி பாக்கணும். முன்னெல்லாம் நின்னாங்க. ரெண்டாவது ஆளு ஜாஸ்தின்னு எவனோ புத்திசாலி எடுத்துட்டான்.”

நான் கழற்றிய கீழ்த்தட்டு நினைவுக்கு வந்தது. கீழேயிருந்து மேலே போகும் சாதாரண ஹீலியமும் அதே வலப்பக்கக் கோட்டைத்தான் விட்டுப் போகும். காற்றில் எதிலோ மோதித் திரும்பியிருக்கும். எதையோ மறந்துவிட்டு வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. பேனர் இருக்கும், லட்டு இருக்கும், என் நட்சத்திரமும் இருக்கும். முருகையனின் நோட்டைத் திரும்பவும் பார்த்தேன். திங்கட்கிழமை நான் வாசிக்கப்போவதும் இதே நோட்டுதான். அழுகை வந்தது. எஸ்டிடி பூத்துக்குப் போய் பாலாஜி சாரைக் கூப்பிட்டேன்.

“சார், அது எதிர்ஹீலியம்னு சொல்ல முடியாது. கீழேயிருந்துகூட வந்திருக்கலாம்.”

“என்ன ஆதாரம், தேவிப்ரியா?”

“இங்க ஒருத்தர் சம்சாரத்தை மறந்துட்டார் சார்.”

“லட்டு சொல்லியாச்சே,” என்றார்.

“கீழ்த்தட்டைத் திரும்ப வைக்கணும் சார்.”

“அதை எடுக்கச் சொன்ன முட்டாள் யாரு?”

“நான்தான் சார். மேடையில வெச்சு கடிகாரம் குடுத்தீங்களே.”