மூன்றாம் கிரேன் நின்றது

கிரேன் ஆபரேட்டருக்குக் கப்பலின் வயிற்றில் இருக்கும் பெட்டி தெரியாது. எழுபதடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கும் அவருக்கு என் கைதான் தெரியும். என் கை தூக்கு என்றால் தூக்குவார், இறக்கு என்றால் இறக்குவார். பதினான்கு வருடமாக இந்தத் துறைமுகத்தில் எனக்குக் கைகாட்டுவதுதான் வேலை. எங்கள் மூன்றாம் கிரேன் ஆபரேட்டருக்குப் புறா என்று பட்டப்பெயர். காலையில் கூண்டில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார்.

போன மாதம் ஒரு பெரிய கப்பலில் இருநூறு பச்சைப் பெட்டிகள் வந்தன. "விவசாயக் கருவி, பதமா இறக்கணும்மா" என்றார் சூப்பர்வைசர். தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் இறக்க வைத்தேன். ஒரு பலகையில்கூடக் கீறல் விழவில்லை. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கைதட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பத்து நாள் கழித்து என் தம்பி ஒரு கண்ணை இழந்தான். அவன் கணக்கு வாத்தியார். தேர்தலை ரத்து செய்ததை எதிர்த்து மணிக்கூண்டுத் திடலில் உட்கார்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவன். போலீஸ் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு நேராக முகத்தில் பட்டது. அதன் காலிக் குப்பியை யாரோ எடுத்து அவன் சட்டைப்பையில் போட்டிருந்தார்கள். குப்பியின் அடியில் ஒரு நீல முக்கோணம். அதே முக்கோணத்தைப் பச்சைப் பெட்டிகளில் இருநூறு தடவை பார்த்திருக்கிறேன். விவசாயக் கருவியாம், நாசமாய்ப் போக! என் தம்பி கண்ணைப் பறித்ததை என் கையாலேயே பூப்போல இறக்கி வைத்திருக்கிறேன்.

"உனக்கு எப்படிக்கா தெரியும், விடு" என்றான் தம்பி. கட்டுப் பிரித்த மறுநாளே திடலுக்குப் போய்விட்டான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

பெட்டி அனுப்பும் தேசத்தை நாங்கள் பெரிய வீடு என்போம். அப்படியானால் எங்கள் அதிபர் யார் என்று கேட்டால், "சின்ன வீடுதான், வேற யாரு?" என்பார் புறா. இருபத்திரண்டு வருடமாக வைத்துப் பராமரிக்கிறார்கள். மலைக்குப் பின்னால் தோண்டும் உலோகம் அவர்களுக்குப் போகிறது. இந்தத் துறைமுகமும் தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகைக்குப் போய்விட்டது. திடலில் யாராவது செத்தால் அவர்களுடைய தூதர் டிவியில் ஆழ்ந்த கவலை தெரிவிப்பார். முன்னால் கவலை வரும், பின்னாலேயே பெட்டி வரும்.

இந்த மாதம் கப்பல் மறுபடி வந்தபோது போலீசிடம் புகைக்குண்டு தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. திடலில் கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. மூன்று மணிக்குள் சரக்கை இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் தண்ணீர் வற்றும், கப்பல் தரைதட்டிவிடும். அவ்வளவு பெரிய கப்பல் உள்ளே வரும் அளவுக்குத் தண்ணீர் மறுபடி ஏற அடுத்த அமாவாசை வர வேண்டும், இரண்டு வாரம் ஆகும். தூதரே நேரில் வந்திருந்தார், கோட்டும் சூட்டும் மஞ்சள் ஹெல்மெட்டுமாக. காவலுக்கு எங்கள் போலீஸ் அதிகாரி ஒருவரும் நின்றார்.

முதல் பச்சைப் பெட்டி கப்பலை விட்டு மேலே எழுந்தது. நான் இரண்டு கையையும் உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினேன். நிறுத்து.

புறா நிறுத்தினார். பெட்டி அந்தரத்தில் தொங்கியது.

இந்த விதியைக் கொண்டுவந்ததே பெரிய வீட்டுக் கம்பெனிதான். ஒருவர் நிறுத்து என்றால் கிரேன் நிற்க வேண்டும். நிறுத்தியவர் கைகாட்டினால்தான் மறுபடி ஓட வேண்டும். சுவருக்குச் சுவர் ஒட்டியிருக்கிறார்கள். மீறிய ஓர் ஆபரேட்டரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியும் இருக்கிறார்கள்.

சூப்பர்வைசர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்னம்மா, கயிறு பிரிஞ்சிருக்கா?"

"இல்ல சார்."

"பெட்டிக்கு அடியில யாராச்சும் நிக்கிறாங்களா?"

"ஆமா சார். மணிக்கூண்டுத் திடல்ல அத்தனை பேரும் நிக்கிறாங்க."

அவர் முகம் வெளுத்தது. தூதர் பக்கத்தில் வந்தார். எங்கள் மொழியைப் படித்தவர், புத்தகம்போலப் பேசினார். "அம்மா, உங்கள் நாட்டின் உள்விவகாரங்களில் நாங்கள் தலையிடுவதில்லை."

"உங்க குண்டு என் தம்பி கண்ணுக்குள்ளயே தலையிட்டிருக்கு சார்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை போதும், எங்கள் போலீஸ் அதிகாரிக்கு உத்தரவு வேறு வேண்டுமா? என் கைகளை முறுக்கிப் பின்னால் வைத்து விலங்கு மாட்டினார். தோள்பட்டை தீயாய் எரிந்தது. "யோவ், தூக்குய்யா!" என்று கிரேனைப் பார்த்துக் கத்தினார்.

கூண்டின் ஒலிபெருக்கியில் புறா நிதானமாகப் பேசினார். "நிறுத்தின கைதான் சார் ஓட்டச் சொல்லணும். அந்தக் கையை நீங்க கட்டி வச்சிருக்கீங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு துறையே சிரித்தது. வேறு ஆபரேட்டரை ஏற்றச் சொன்னார் அதிகாரி. இருந்த ஐந்து பேருக்கும் அந்த நிமிஷமே வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. சூப்பர்வைசரைக் கைகாட்டச் சொன்னார். "ரூல் அவங்க போட்டது சார்" என்று சூப்பர்வைசர் தூதரைப் பார்த்தபடி இரண்டடி பின்வாங்கினார். தூதர் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த அந்த விதியைப் படித்துக்கொண்டிருந்தார்.

மணி இரண்டரை. அதிகாரி என் காதருகே குனிந்தார். "உன் தம்பி எங்க உக்காந்திருக்கான்னு தெரியும். கை காட்டு, நானே அவனை ஜீப்ல வீட்டுல கொண்டு வந்து விடுறேன். இல்ல, குண்டு வராட்டியும் லத்தி இருக்கு. மொதல்ல அவனைத்தான் தேடுவேன்."

நான் வீராங்கனை இல்லை. எனக்கு இருப்பது ஒரே தம்பி, அவனுக்கு இருப்பது ஒரே கண்.

"மத்தவங்க?" என்றேன்.

"அவங்க உனக்கு யாரு?"

தம்பியை அந்த ஜீப்பில் நினைத்துப் பார்த்தேன். வண்டி நின்றாலும் அவன் என் வாசலில் இறங்கமாட்டான். என் முகத்தில் விழிக்கவே மாட்டான்.

"கழட்டுங்க" என்றேன்.

அதிகாரி சிரித்துக்கொண்டே கழற்றினார். விரல்கள் மரத்திருந்தன, தேய்த்துவிட்டுக்கொண்டேன். புறா கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார். நான் இரண்டு கையையும் தூக்கி மறுபடி உள்ளங்கையைக் காட்டினேன்.

அடி விழுந்தது. முதுகில், தொடையில். கையை இறக்கவில்லை. இரண்டாவது அடிக்குப் பிறகு சுமைக்காரர்கள் வந்து என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள், அடி அவர்கள் மேலும் விழுந்தது.

மூன்றுக்குக் கால் மணி இருக்கும்போது கப்பல் தலைவன் மேல்தளத்திலிருந்து தன் பாஷையில் கூச்சல் போட்டான். தூதர் அவனோடு வாதாடினார், அவன் தண்ணீரைக் காட்டினான். தரைதட்டினால் கப்பல் அவனுடையது, தூதருடையது இல்லை. கடைசியில் சூப்பர்வைசர் என்னிடம் வந்து மெல்லக் கேட்டார்.

"அந்தப் பெட்டியக் கப்பல்லயே திருப்பி வச்சுட்டா கிளம்பிடுவாங்களாம். கை காட்டுறியாம்மா?"

காட்டினேன். பெட்டி வந்த வழியே கப்பலுக்குள் போனது. கயிறுகள் அவிழ்ந்தன, கப்பல் பின்வாங்கியது. துறைக்கும் கப்பலுக்கும் நடுவே தண்ணீர் நன்றாக விரியும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு திரும்பி, இரண்டு கையையும் சேர்த்து அதிகாரியிடம் நீட்டினேன்.

"இப்ப மாட்டுங்க."