எண்ணாமல் எழுதிய இருபது

முப்பத்தி நாலு. தப்பாக எண்ணியிருப்பேன் என்று மறுபடி எண்ணினேன். முப்பத்தி ஐந்து. என் விரல் அண்ணியின் மணிக்கட்டில் இருந்தது, கண் அவர் மார்பில் இருந்தது, எனக்குத்தான் உயிர் போய்விட்டது போலிருந்தது.

"இன்னுமா நாடி பார்க்கற? செத்துட்டேனா என்ன?" என்றார் அண்ணி.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. அவர் புருஷன் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் அப்படித்தான் என்பதால் ஆறு வருடமாக ஒரே வீட்டில் தாக்குப்பிடிக்கிறோம். நர்ஸ் படிப்பில் சேரப்போகிறேன் என்று நான் சொன்ன அன்று, "அஞ்சில் வளையாதது அம்பதில் வளையுமா?" என்று கேட்டார். "எனக்கு முப்பத்தொன்பதுதான் அண்ணி. இன்னும் பதினோரு வருஷம் டைம் இருக்கு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் நான் உதவியாளர். படுக்கை மாற்றுவேன், உடம்பு துடைத்துவிடுவேன், காலையும் மாலையும் படுக்கை படுக்கையாகப் போய்க் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு நான்கையும் அட்டையில் எழுதுவேன். போன மாதம் புதிதாக வந்த ஒரு நர்ஸ், என் மகள் என்று சொல்லலாம், அவ்வளவு சின்ன வயது, "அக்கா, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். தள்ளி நின்றேன். அன்று சாயங்காலமே விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டேன். ரோஷம்தான் காரணம். சேவை, லட்சியம் என்றெல்லாம் சொல்ல எனக்கு வராது. நானும் பதிவு பெற்ற நர்ஸாகி அந்தப் படுக்கைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

சமையலறை அலமாரிக் கதவில் எலும்புகளின் பெயர்களை ஒட்டிவைத்துப் பாத்திரம் கழுவும்போது மனப்பாடம் செய்தேன். விண்ணப்பத்தோடு ஒரு பயிற்சித் தாளும் கேட்டிருந்தார்கள். ஒரே ஆளுக்கு ஏழு நாள், காலை மாலை, நாடி, மூச்சு, காய்ச்சல் பார்த்து எழுதி, வார்டின் தலைமை நர்ஸிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் விண்ணப்பம் செல்லாது. பதினோரு வருடமாகச் செய்வதை ஏழு நாள் செய்து காட்டச் சொல்கிறார்களே என்று சிரித்துக்கொண்டேன். எப்போதும் வீட்டில் இருப்பவர் அண்ணி, அதனால் அண்ணியையே பிடித்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காய்ச்சலுக்குக் கருவி உண்டு, நாடிக்கு உண்டு, ரத்த அழுத்தத்துக்கு உண்டு. எங்கள் வார்டில் மூச்சுக்கு எதுவும் கிடையாது. ஒரு முழு நிமிடம் மார்பைப் பார்த்து எண்ண வேண்டும். நல்லாயிருக்கும் ஆளுக்கு இருபதைத் தாண்டாது. எண்ணுகிறோம் என்று தெரிந்தால் ஆள் மூச்சை மாற்றிவிடுவார், அதனால் நாடி பார்ப்பதுபோல் கையை விடாமல் பிடித்துக்கொண்டு எண்ண வேண்டும். முப்பது படுக்கைக்கு முப்பது நிமிடம். யாருக்கு நேரம் இருக்கிறது? நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கூட வேலை பார்த்தவள் சொன்னாள், "மூச்சா? இருபதுன்னு போட்டுட்டு வா." எல்லோரும் இருபது போட்டார்கள், நானும் போட்டேன். பொய் எழுதுகிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. கட்டம் காலியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் தெரியும்.

அண்ணிக்கும் மூன்று நாள், ஆறு வேளை, ஆறு இருபது போட்டிருந்தேன்.

நான்காம் நாள் காலை என் கணவருக்கு வார விடுமுறை. அவர் பஸ் டிரைவர். டீயும் கையுமாக, நான் நாடியை எழுதிவிட்டு ஏழாவது இருபதுக்குப் பேனாவைக் கொண்டுபோவதைப் பார்த்தவர், "நாடி எண்ணின, சரி. மூச்ச எப்ப எண்ணின?" என்றார்.

"அதெல்லாம் பார்த்தாலே தெரிஞ்சுடும்."

"அப்ப நானும் கண்ண மூடிட்டு பஸ் ஓட்டட்டுமா? ரோடு தினமும் அதே எடத்துலதான கெடக்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எண்ணியே காட்டுகிறேன் என்று அண்ணியின் கையை மறுபடி பிடித்தேன். அப்போதுதான் அந்த முப்பத்தி நாலு, முப்பத்தி ஐந்து. முப்பத்தி ஐந்தைக் கட்டத்தில் எழுதினேன்.

தாளைப் பார்த்தேன். நாடியை நான் நிஜமாகவே எண்ணியிருந்தேன். முதல் நாள் எண்பத்தி நாலு, மூன்றாம் நாள் நூற்றி நாலு. அண்ணிக்கு என்மேல் இருக்கும் கோபத்தில் ஏறுகிறது என்று நினைத்திருக்கிறேன்! காய்ச்சல் நூறைத் தாண்டாததால் இருமலைச் சளி என்று நினைத்திருக்கிறேன். "வண்டிய எடுங்க" என்று கத்தினேன்.

என் ஆஸ்பத்திரிக்கேதான் போனோம். டாக்டர் வந்ததும் அட்டையை நீட்டுவது என் பழக்கம். யோசிக்காமல் அந்தத் தாளை நீட்டிவிட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த நர்ஸிடம் சொன்னார்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் மூச்சு இருபது. ராத்திரிக்குள்ள முப்பத்தி அஞ்சா? திடீர்னு இவ்வளவு ஏறினா, நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைச்சிருக்கலாம். அதுக்கான ஊசிய ரெடி பண்ணுங்க."

சொன்னால் வேலை போகும், கையெழுத்தும் போகும், படிப்பும் போகும். அந்த ஊசி தப்பாகப் போனால் உள்ளே ரத்தம் கசியும். நர்ஸ் மருந்து அலமாரியைத் திறந்துவிட்டாள்.

"சார், அந்த இருபது நான் எண்ணல."

"எந்த இருபது?"

"ஆறுமே. சும்மா எழுதினது."

டாக்டர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். வேலைக்குக் கிளம்ப நான் போட்டிருந்த சீருடைக் கோட்டையும் பார்த்தார். "எந்த வார்டு நீங்க?" என்றார். சொன்னேன். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பி, "எத்தன நாளா மூச்சு வாங்குதும்மா?" என்று கேட்டார்.

அண்ணி பிராணவாயு முகமூடியை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு சொன்னார். "நாலஞ்சு நாளா இருக்கு. இவ தினமும் கையப் பிடிச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. இவளுக்குத் தெரியாததா? அதனால ஒண்ணும் இல்லன்னு இருந்துட்டேன்."

ஆறு வருடத்தில் அண்ணி என்னைப் பாராட்டிய ஒரே வார்த்தை அது.

ஊசியை நிறுத்தி வைத்தார்கள். படம் எடுத்துப் பார்த்ததில் நிமோனியா, இரண்டு பக்கமும். அதற்கான மருந்து ஏறியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வேளாவேளைக்கு எண்ணினேன். முப்பத்தி இரண்டு, இருபத்தி ஒன்பது, இருபத்தி ஆறு. ஏழாம் நாள் மாலை இருபத்தி நாலு. அன்று அண்ணி, "எலும்பெல்லாம் மனப்பாடம் ஆச்சா?" என்று கேட்டார். ஆகவில்லை என்றேன். "பின்ன இங்க உக்காந்து என்ன பண்ற?" என்றார்.

மறுநாள் தலைமை நர்ஸிடம் தாளைக் கொண்டுபோனேன். ஆறு இருபதையும் குறுக்கே அடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'எண்ணவில்லை' என்று எழுதியிருந்தேன். டாக்டர் ஏற்கெனவே அவரிடம் சொல்லிவிட்டிருந்தார். திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு. வேற தாள்ல சுத்தமா எழுதிட்டு வா."

"வேண்டாம் சிஸ்டர். நடந்தது இதுதான்."

"இதப் பார்த்தா உன்ன சேர்த்துக்குவாங்கன்னு நினைக்கறியா?"

"தெரியல சிஸ்டர்."

இருபத்தெட்டு வருட சர்வீஸ் அவருக்கு. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"நான் போட்ட இருபத யாருமே அடிக்கச் சொல்லல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

கையெழுத்து வாங்கிய அன்று மாலைச் சுற்றை முதல் படுக்கையிலிருந்து தொடங்கினேன். அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெரியவர். நாடி பார்த்தேன், கையை விடாமல் சுவர்க் கடிகாரத்தையும் அவர் மார்பையும் பார்த்து எண்ணினேன். இருபது வந்தது. எனக்கே நம்பிக்கையில்லாமல் இன்னொரு நிமிடம் எண்ணினேன். இருபதேதான்.

அட்டையில் எழுதினேன். அதற்கு மேலே போன வாரம் முழுக்க இருபது, இருபது என்று வரிசையாக இருந்தது. சில என் கையெழுத்து, சில மற்றவர்களுடையது. நான் இப்போது எழுதியதும் அவற்றைப் போலவேதான் இருந்தது. பெரியவர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "என்னம்மா, எனக்கு ஏதாவது மோசமா?" என்று கேட்டார்.

"இல்லங்கய்யா, நல்லாத்தான் இருக்கீங்க" என்றேன். "நான் எண்ணிட்டேன்."