இரண்டு பேர் ஏறினால் வரும் சத்தம்

அந்தச் சத்தத்தை நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். கடக் கடக் என்று இருந்ததாக நான் சொல்வேன். தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பது போல இருந்தது என்பாள் என் மனைவி பூரணி. மூத்தவள் வயிற்றில் இருந்த வருஷம், ஆகவே தொண்ணூற்றாறு என்பது மட்டும் நிச்சயம்.

அப்போது தன்னாமுனையில் இருந்தோம். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போக எங்களிடம் இருந்தது என் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். சண்டை மூண்டு நிலைமை கெட்டால் வாடகை வாகனமும் வராது, அம்புலன்சும் வராது. பூரணிக்கு வலி வரும் நாளில் அந்தச் சைக்கிள் நடு வழியில் நின்றுவிடக் கூடாது. என் யோசனையெல்லாம் அதிலேயே கிடந்தது.

பூரணிக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது சத்தம் தொடங்கியது. நான் தனியாகக் காத்தான்குடிக்குப் போய் உசனாரைப் பார்த்தேன். பூரணி அவரை அண்ணன் என்ற முறையில் காக்கா என்பாள். தொண்ணூறுக்கு முன் அவர் பட்டணத்தில் கராஜ் வைத்திருந்தார். அந்த வருஷம் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் கொலைகள் விழுந்த பிறகு அவர் இந்தப் பக்கம் வருவதில்லை. எங்களிலும் சிலர்தான் அங்கே போவோம். அவர் சைக்கிளை வாவிக்கரை வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார். ஒரு சத்தமும் இல்லை.

"மச்சான், சைக்கிளுக்கு ஒண்டுமில்ல. உன்ட காதத்தான் கழட்டிப் பாக்கணும்" என்றார்.

இரண்டாம் முறை போனபோது அவர் சிரிக்கவில்லை. கியர்ப் பெட்டிக்குள் ஏதாவது தேய்ந்திருக்கலாம், எஞ்சினைத் திறந்தால்தான் தெரியும் என்றார். திறந்தால் சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும். பிள்ளை பிறந்த பிறகுதான் சைக்கிள் கைக்குக் கிடைக்கும். கடைசியில் அவர் செயினைக் கொஞ்சம் இறுக்கி அனுப்பினார். முந்திய வாரம் நானும் இறுக்கியிருந்தேன். சத்தம் கூடியது.

பட்டணத்துக்குப் போகும் வழியில் இராணுவச் சோதனைச் சாவடிகள் இருந்தன. பின்னால் இருப்பவர் இறங்கி நடக்க வேண்டும், ஓட்டுபவர் எஞ்சினை நிறுத்தி உருட்ட வேண்டும். ஒரு கிளினிக் நாள் என் அடையாள அட்டையை மட்டும் நெடுநேரம் வைத்திருந்தார்கள். பூரணி மெல்ல நடந்து தூரத்து வாகை மரத்தடிக்குப் போய்விட்டாள். அட்டை கிடைத்ததும் அவ்வளவு தூரமும் நான் தனியாக ஓட்டிப் போனேன். அவள் ஏறினாள். கொஞ்சம் போனதும் முதுகில் தட்டினாள்.

"இஞ்சாருங்க, நீங்க தனிய வரக்குள்ள சத்தமே இல்ல. நான் ஏறினாத்தான் வருது. இத உசனார் காக்காட்டச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. என் மனைவி ஏறினால் வண்டி முனகுகிறது என்று இன்னொரு ஆணிடம் எப்படிச் சொல்வது? அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ட பாரத்தச் சொல்ல வெக்கப்பட்டு எஞ்சினக் கழட்டப் போறீங்க, என்ன?"

அன்றே கிளினிக் முடிந்து காத்தான்குடிக்குப் போனோம். கேட்டவுடன் உசனாருக்கு விஷயம் பிடிபட்டது. ஆனால் பார்க்கத்தான் வழியில்லை. பூரணி ஏறி இருக்க, அவள் காலடியில் குனிந்து செயினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அவர் அதைச் செய்ய மாட்டார். நான் பார்க்கலாமென்றால், ஓட்டுகிறவனின் பாரமும் வேண்டும், நான் சீட்டில் இருக்க வேண்டும். அவர் ஒரு அரிசி மூட்டையைத் தூக்கி வந்து பின் சீட்டில் கட்டினார். அது ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருந்தது. உள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஸகியாவுக்குப் பொறுக்கவில்லை.

"புள்ள நிக்கக்குள்ள மூட்டை என்னத்துக்கு? தள்ளுங்க அங்கால. நீங்க ஏறுங்க மனே" என்றார் பூரணியிடம்.

நானும் பூரணியும் ஏறியதும், முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு அவர் குந்தினார். செயின் மூடியில் இருந்த துளைக்குள் விரலை விட்டார். உசனார் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, செயின் ஆடுகிறதா என்று கேட்டார்.

"ஆட்டமா? உடுப்புக் காயப்போடுற கயிறு மாதிரி விறைச்சுக் கிடக்கு."

"இறங்கச் சொல்லு."

"இப்ப ஆடுது."

பூரணி என் தோளைப் பிடித்து இறங்கினாள், ஏறினாள், மறுபடியும் இறங்கினாள். ஒவ்வொரு முறையும் அப்படியே. இரண்டு பேர் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கிப் பின் சில்லு மேலே எழும்புகிறது, செயின் இழுபடுகிறது. யாரும் ஏறாத சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி அளவு பார்த்து இறுக்கியிருக்கிறோம். உசனார் ஸ்பானரைக் கையில் எடுத்தார்.

"நாமதான் மச்சான், இறுக்கி இறுக்கிக் கெடுத்திரிக்கம்."

அவர் தளர்த்துவதும் நாங்கள் ஏறுவதும் ஸகியா விரல் விட்டுப் பார்த்து "இன்னும்" என்பதுமாக அது முடிந்தது. எஞ்சினைத் திறக்கவில்லை. ஸகியா பூரணியை உள்ளே கூட்டிப்போய் இஞ்சித் தேநீர் கொடுத்தார். இருவரும் வெளியே வர வெகுநேரம் ஆனது. என்ன பேசினார்கள் என்று பூரணி இன்றுவரை சொல்லவில்லை.

வலி ஒரு மத்தியானம் வந்தது. முதல் சாவடியில் பூரணி இறங்கி, என் தோளைப் பிடித்தபடி நடந்தாள். அடுத்ததில் நின்ற ஆமிக்காரன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இறங்க வேண்டாம் என்று கையைக் காட்டினான். சத்தம் வரவில்லை. கழுத்தில் அவள் மூச்சுப் படுவது மட்டும் தெரிந்தது. அப்படியே ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றோம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மகள் பிறந்தாள். இப்போது கல்யாணமாகிக் கல்குடாவில் இருக்கிறாள். மோட்டார் சைக்கிளைச் சில வருஷங்களின் பின் தோளில் துவக்கு மாட்டி வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள், அது திரும்பி வரவில்லை. உசனார் சண்டை முடிந்த பிறகு நீரிழிவில் காலமானார். ஸகியா காத்தான்குடியில் மகனோடு இருக்கிறார். பூரணியும் நானும் தன்னாமுனையில்தான் இருக்கிறோம்.