சின்னவளுக்குப் போட்ட மேசை

என் ஓரகத்தி வெப்சைட் செய்யக் கற்றுக்கொள்ளப் போகிறாள் என்றதும் வீடே அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. ஜன்னலோரம் புது மேசை, முதுகு வலிக்காத நாற்காலி. கொழுந்தன் தன் பங்குக்கு ஒரு மேசை விளக்கு வாங்கி வந்தான். நான் கற்றுக்கொண்டது சமையலறைத் தரையில் உட்கார்ந்து. தேவையான மென்பொருளையெல்லாம் போட்டு முடிக்கவே பதினோரு நாள் ஆனது. ஒரு நாய்கூட என்னை ஏனென்று கேட்கவில்லை.

வயிறு எரியாமல் என்ன செய்யும்? சின்னவளுக்குக் கைமணம் உண்டு, குரல் உண்டு, யாரையும் சிரிக்கவைக்கிற வாய் உண்டு. எனக்கென்று இந்த வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. வருகிறவர்களிடமெல்லாம் அத்தை, "பெரியவ கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறா" என்பார். இப்போது அதிலும் பங்குக்கு வந்துவிட்டாள்.

"நீதாம்மா அவளுக்கு எல்லாத்தையும் போட்டுக் குடுக்கணும். புதுசா கத்துக்கறவ, பயந்துடக் கூடாது" என்றார் அத்தை.

லேப்டாப்பில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தேன், யாரும் குறை சொல்ல முடியாதபடி. எழுத்தைப் பெரிதாக்கினேன். ஒரே ஃபோல்டர், அதில் ஒரு மாதிரிப் பக்கம். ஒரு பட்டனைத் தட்டினால் பக்கத்தைக் காட்டுகிற சர்வர் ஓடும், பிரவுசரில் 'வணக்கம்' என்று வரும். வந்தது. சின்னவள் கைதட்டினாள்.

"அக்கா, நீங்க பெரிய ஆளுதான்!" என்று சொல்லிவிட்டு எல்லோரையும் கூப்பிட ஓடினாள்.

அந்தச் சந்தோஷம் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு செட்டிங்கை அணைத்தேன். அது இருந்தால், எழுதிச் சேமித்ததும் பக்கம் தானாக மாறும். இல்லாவிட்டால் சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டும்வரை பழைய பக்கமே தெரியும். அவள் வந்ததும், "சர்வரை நிறுத்தவே நிறுத்தாதே, மூடியை மட்டும் மூடி வை" என்று வேறு சொல்லிவைத்தேன். கொஞ்சம் கஷ்டப்படட்டுமே, நான் படவில்லையா?

அன்றே 'வணக்கம்' என்பதை 'வருக' என்று மாற்றினாள். பக்கம் மாறவில்லை.

"ஏதோ தப்பு பண்றேன்க்கா."

"நல்லா பாரு, எங்கயாவது விட்டிருப்ப" என்றேன், அடுப்பிலிருந்து திரும்பாமல்.

இரண்டாம் நாளும் அதே கதை, மூன்றாம் நாளும் அதே கதை. எழுதுவதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு மல்லுக்கட்டினாள். சாப்பிடும்போது அவள் வாயே திறக்காதது எனக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

ஐந்தாம் நாள் காலை, லேப்டாப்பைத் துடைத்து நோட்டோடு கொண்டுவந்து என் கட்டிலில் வைத்தாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. எனக்கு ஏறாதுன்னு அத்தைகிட்ட சொல்லிட்டேன். நீங்க இவ்வளவு சுலபமா செஞ்சு குடுத்தும் ஒரு வார்த்தைய மாத்த முடியல. ஸ்கூல்ல என்னை மரமண்டைன்னுதான் சொல்லுவாங்க. சும்மா சொல்லல போல."

நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. வெற்றியைப் பார்ப்போமே என்று நோட்டைப் புரட்டினேன். முதல் நாள் எழுதிய முதல் வரியே சரி. அதன் பக்கத்தில் 'தப்பு' என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே நாற்பது வரி இருக்கும். சரியாக இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துக்கொண்டே போயிருந்தாள்.

அவள் அறை வாசலைத் தாண்டப் போனாள்.

"நில்லு. நீ முதல் நாளே சரியாத்தான் எழுதியிருக்க. மாறினது உன் கண்ணுல படாத மாதிரி வெச்சது நான்தான். வேணும்னேதான் வெச்சேன். பொறாமை."

கத்துவாள், அத்தையைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் கையிலிருந்த நோட்டை வாங்கி, அந்த முதல் வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ, எனக்கு வருதாக்கா?" என்று கேட்டாள்.