மெஷின் வந்த பெட்டி

கண்டக்டர் கொளஞ்சியப்பன் குப்புவை ஏறச் சொன்னான். மீன் கூடையை ஏற்ற விடவில்லை.

"நீ ஏறு யக்கா. கூடை நடந்து வரட்டும்."

பஸ்ஸே சிரித்தது. குப்புவும் சிரித்தாள். யார் சொன்னாலும் நல்ல பேச்சுக்குச் சிரித்துவிடுவது அவள் வழக்கம். பிறகு கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு நடந்தாள். கிள்ளையிலிருந்து சிதம்பரம் எட்டு மைல். ஆட்சி மாறிய வருஷத்துச் சித்திரை. வெயில் ஏழு மணிக்கே முதுகில் ஏறியது. பத்து மணிக்கு மேல் மடவை மீனுக்குச் செவுள் வெளுத்துவிடும். செவுளைப் பிரித்துப் பார்க்காமல் மீன் வாங்குகிற பெண் சிதம்பரத்தில் பிறக்கவில்லை. இருபது வருஷம் ஓட்டமும் நடையுமாகப் போய்வந்த பாதைதான். இந்த வருஷம் வலது முழங்கால் ஓட்டத்தை நிறுத்திவிட்டது. வாரத்தில் மூன்று நாள் மீன் கருவாட்டு விலைக்குப் போயிற்று.

பஸ்ஸில் முன்சீட்டு இரண்டுக்கும் மேலே 'பெண்கள்' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. எழுதவைத்தது தனம் டீச்சர். கிள்ளைக்காரி, சிதம்பரத்தில் வேலை, அங்கே மாதர் சங்கத்துக்குச் செயலாளர். இரண்டு வருஷம் மனு எழுதி, ஆபீஸ் ஆபீஸாக ஏறி, பஸ் முதலாளி வீட்டு வாசலில் நின்று வாங்கிய எழுத்து. மனுவின் கடைசித் தாளில் குப்பத்துப் பெண்கள் நாற்பது பேரின் கைநாட்டு இருந்தது. வீடு வீடாகப் போய் அதை வாங்கிக் கொடுத்தவள் குப்பு.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போனாள்.

"எங்க கைநாட்டு ஏறிடிச்சு டீச்சரம்மா. நாங்கதான் ஏறல."

தனம் டீச்சர் சிரிக்கவில்லை. திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடினாள்.

"நான் சொல்றதக் கேளு குப்பு. அந்த எழுத்த அழிக்க எத்தன பேரு காத்துக்கிட்டிருக்காங்க தெரியுமா? மீன் நாத்தம்னு ஒரு புகார் போதும், சீட்டே போயிடும். மொதல்ல இது நெலைக்கட்டும். அப்பறம் உங்களுக்கும் கேப்போம்."

"நாங்க பொம்பளைங்கறது அப்பறம்தானா?"

டீச்சர் சிவப்பு மசிப் பேனாவை மூடிவைத்தாள். படிக்கப் போனதற்காக அண்ணன் கையால் அடிவாங்கியவள் அவள், ஊருக்கே தெரியும். அவள் சொன்னதில் பொய் இல்லை என்பதும் குப்புவுக்குத் தெரிந்தது. நல்ல மீனுக்கு விலை நிற்கட்டும் என்று இன்னொரு மீனை மலிவாகத் தள்ளிக் கொடுப்பது வியாபாரத்தில் உண்டு. குப்புவே செய்திருக்கிறாள். ஆனால் தள்ளிக் கொடுக்கிற மீனாக இருக்க அவளுக்கு இஷ்டமில்லை.

"காலம் பூரா நீ ஏன் சொமக்கணும்?" என்றாள் டீச்சர். "ஆண்டு விழாவுல ஒரு தையல் மெஷின் குடுக்கறோம். ஒன் பேரத்தான் சொல்லியிருக்கேன். ஒக்காந்த எடத்துல சம்பாதிக்கலாம்."

"நானும் ஒக்காரத்தான் கேக்கறேன். பஸ்ஸுல."

இருந்தும் விழாவுக்குப் போனாள். மாலை போட்டார்கள், கை தட்டினார்கள். கை மெஷின் ஒரு மரப்பெட்டியில் இருந்தது. திரும்பி வரும்போது கொளஞ்சியப்பனே பெட்டியைத் தூக்கி, 'பெண்கள்' எழுத்துக்குக் கீழே வைத்தான்.

"பாத்து யக்கா. மெஷினு அடிபடப் போவுது."

கிள்ளை வரைக்கும் குப்பு பெட்டியின் மேல் கையை வைத்தபடி வந்தாள். நல்ல பலகை. இடுக்கில்லாமல் மூடியது. மேலே பித்தளைக் கைப்பிடி.

மெஷினை மருமகள் சின்னப்பிள்ளை எடுத்துக்கொண்டாள். பெட்டியைக் குப்பு எடுத்துக்கொண்டாள். விடிகாலையில் உள்ளே பூவரசு இலை பரப்பி, மடவையை அடுக்கி, ஈரச் சாக்கைப் போட்டுப் பூட்டினாள். பெட்டி அரைக்கூடை மீன் கொண்டது. போதும்.

"என்ன யக்கா, அதுக்குள்ள ரிப்பேரா?" கொளஞ்சியப்பன் பெட்டியை வாங்கினான். "கனம் ஜாஸ்தியா இருக்கே."

"இரும்புல்ல தம்பி."

முன்சீட்டில் ஜன்னலோரம் தனம் டீச்சர் இருந்தாள். வெள்ளைப் புடவை, மடியில் நோட்டுக் கட்டு. குப்பு பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டி இருவர் காலுக்கும் முன்னால். டீச்சர் பெட்டியைப் பார்த்தாள். குப்புவைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையசைத்தாள். பஸ் புறப்பட்டது. தான் நடக்கிற பாதையின் புளியமரங்கள் ஒவ்வொன்றும் பின்னால் போவதைக் குப்பு அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பாதி வழியில் ஒரு பள்ளம். பெட்டியின் மூலையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு நூல் போல ஒரு கோடு.

"மீனு வாடை அடிக்குதே. எவய்யா அது?" பின்னாலிருந்து ஒரு ஆண் குரல்.

கொளஞ்சியப்பன் டிக்கெட் பையை இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தான். குப்பு பெட்டியை மறைக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு டீச்சரின் முகத்தை நேராகப் பார்த்தாள். சிதம்பரம் இன்னும் நாலு மைல். டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெட்டி இறங்கிவிடும். எழுத்து மட்டும் நிற்கும்.

தனம் டீச்சருக்குப் புரிந்துவிட்டது. அவசரமாகக் கால்களைத் தூக்கினாள். புடவைக் கரையைக் கையால் ஒதுக்கினாள். தண்ணீர்க் கோடு அவள் கால் இருந்த இடத்துக்கு வந்தது.

"என்ன டீச்சர் இங்க, ஈரமா?" கொளஞ்சியப்பன் குனிந்தான்.

டீச்சர் தூக்கிய கால்களை இறக்கி, நனைந்த பஸ் பலகையின் மேல் அழுத்தமாக ஊன்றினாள். புடவைக் கரை பெட்டியின் மூலையை மூடியது. தண்ணீர் அவள் செருப்பைச் சுற்றிக்கொண்டு, ஆண்கள் நிற்கிற பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.